நூலகத்துக்கு வரும் பதின்பருவத் தொண்டர்கள்: என்ன வேலை கொடுப்பது?

பதிவு 1 | கிளைநூலகர்

அனைவருக்கும் வணக்கம். ஒரு கிளை நூலகத்தின் பொறுப்பில் இருக்கிறேன். சென்ற பள்ளி விடுமுறையில் 13 முதல் 17 வயது வரையுள்ள 14 பிள்ளைகள் எங்கள் நூலகத்தில் தொண்டு செய்ய வந்தார்கள். மூன்றாம் வாரத்தில் மிஞ்சியவர்கள் 2 பேர். பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிக் கைகழுவ எனக்கு மனம் வரவில்லை. தவறு என் ஏற்பாட்டில்தான் இருந்தது.

முதல் நாள் எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்து விதிகளைப் படித்துக் காட்டினேன். பிறகு ஆளுக்கொரு துணி கொடுத்துத் தூசி தட்டச் சொன்னேன். மறுநாளும் அதே துணி. மாலையில் மணிக்கணக்குப் பதிவேட்டில் கையெழுத்து. நான்காம் நாள் ஒரு சிறுமி என் மேசைக்கு வந்து, "வேலை முடிந்துவிட்டது, இன்னும் 40 நிமிடம் இருக்கிறது, என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள். இரவல் மேசையில் ஐந்தாறு பேர் காத்து நின்றார்கள். "ஏதாவது எடுத்துப் படித்துக்கொண்டிரு" என்று சொல்லிவிட்டு அவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுநாள் அவள் வரவில்லை. அவள் கேட்ட கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

அடுத்த விடுமுறைக்கு இரண்டு மாதம் இருக்கிறது. இந்த முறை ஒழுங்காகச் செய்ய வேண்டும். என்ன வேலை கொடுக்கலாம், எத்தனை பேரைச் சேர்க்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது? தொண்டு செய்தவர்கள், பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர், ஆசிரியர்கள், யாராயிருந்தாலும் எழுதுங்கள்.

பதிவு 2 | கடலோரம்

நூலகர் அவர்களுக்கு வணக்கம். 14 வயதில் தொண்டு செய்யப் போனவள் நான். பள்ளிப் படிப்பு முடியும் வரை விடாமல் போனேன். எது என்னை அங்கே பிடித்து வைத்தது என்று யோசித்தால் ஒன்றுதான் தோன்றுகிறது. எனக்கென்று ஓர் அலமாரி இருந்தது.

அறிவியல் பகுதியில் பகுப்பு எண் 520 முதல் 529 வரை, வானியல். ஐந்து தட்டுகள். "இது உன் பொறுப்பு, வாரம் இரண்டு முறை வரிசை பார்த்துவிடு" என்றார் நூலகர் அம்மா. அவ்வளவுதான் பயிற்சி என்று நினைத்துக்கொண்டு தொடங்கினேன். முதல் வாரம் முடிந்ததும் அவர் வந்து தட்டைப் பார்த்தார், இரண்டு நூல்களை உருவினார். ஒன்று விண்மீன்களைப் பற்றியது, முதுகுச் சீட்டில் 523.8. இன்னொன்று வியாழன் கோளைப் பற்றியது, 523.45. நான் 523.8-ஐ முன்னால் வைத்திருந்தேன். 8 சிறியது, 45 பெரியது என்பது என் கணக்கு. அவர் ஒரு தாளில் 523.80 என்று எழுதி, அதன் கீழே 523.45 என்று எழுதி, "இப்போது சொல்" என்றார். ஒரு சுழியம் சேர்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் இந்த முறைக்குத் தசமப் பகுப்பு என்று ஏன் பெயர் வந்தது என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. 1876-இல் மெல்வில் டூயி என்ற அமெரிக்க நூலகர் வெளியிட்ட ஒரு முறை இன்னும் என் கைவிரலுக்குக் கீழே வேலை செய்கிறது என்பது 14 வயதில் பெரிய வியப்பு.

பிறகு நான் பொறுப்பேற்ற அலமாரியில் எந்த நூல் எப்போது வெளியே போகிறது, எது ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருக்கிறது என்பதெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. பட்டியலில் "காணவில்லை" என்று குறித்திருந்த ஒரு நூல் கீழ்த்தட்டில் மற்ற நூல்களுக்குப் பின்னால் விழுந்து சுவரோடு ஒட்டிக் கிடந்தது. எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். நூலகர் அம்மா பதிவேட்டைத் திறந்து, அந்தச் சொல்லை என்னையே அடிக்கச் சொன்னார்.

தூசி தட்டுவது இழிவான வேலை இல்லை. நானும் தட்டினேன். ஆனால் நான் தட்டியது என் அலமாரியின் தூசி.

பதிவு 3 | செம்பருத்தி

என் மகனுக்கு 15 வயது. பள்ளியில் சமூக சேவை நேரம் இத்தனை என்று கேட்கிறார்கள், அதற்காகத்தான் நூலகத்துக்கு அனுப்பினேன். உண்மையை மறைக்க விரும்பவில்லை. சான்றிதழ் கிடைக்குமா, எத்தனை மணி நேரம் எழுதிக் கொடுப்பீர்கள் என்பதே நான் முதலில் கேட்ட கேள்வி. அதில் என்ன தவறு என்று எனக்குத் தெரியவில்லை. படிப்பு, தேர்வு, போக்குவரத்து எல்லாவற்றுக்கும் நடுவில் பிள்ளை நேரம் ஒதுக்குகிறான். அதற்கு ஒரு தாள் கொடுப்பதில் நூலகத்துக்கு என்ன குறைந்துவிடும்?

பதிவு 4 | வரிவடிவம்

செம்பருத்தி அம்மா கேட்டது நியாயமான கேள்வி. நான் ஆசிரியர், மாணவர்களின் சேவைக் கணக்கைப் பார்க்கும் பொறுப்பும் எனக்கு உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சேவையை மணிக்கணக்கில் கேட்பது உலகின் பல பகுதிகளில் இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் பள்ளி இறுதிச் சான்றிதழ் பெற 40 மணி நேரம். அமெரிக்காவின் மேரிலாந்தில் 75 மணி நேரம். மேல்நிலைப் பள்ளி மாணவருக்கான சர்வதேச பட்டயப் படிப்பான ஐபி-யில் ஒரு காலத்தில் 150 மணி நேரம் என்று வைத்திருந்தார்கள். பின்னர் அந்த மணிக்கணக்கைக் கைவிட்டு, குறைந்தது 18 மாதம் தொடர்ந்து ஈடுபட வேண்டும், செய்ததைப் பற்றி மாணவர் தாமே யோசித்து எழுத வேண்டும் என்று மாற்றிக்கொண்டார்கள். கணக்கு வைத்தவர்களே கணக்கை விட்டார்கள் என்பது யோசிக்க வேண்டிய செய்தி.

1999-இல் ஸ்டூகாஸ், ஸ்னைடர், கிளாரி ஆகிய மூவர் கட்டாயத் தொண்டைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தாமாகச் செய்யும் விருப்பம் முன்பே குறைவாக இருந்தவர்களைக் கட்டாயப்படுத்தியபோது, பிற்காலத்தில் தொண்டு செய்யும் எண்ணம் அவர்களிடம் இன்னும் குறைந்தது. அதே வகையினருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுத்தபோது அந்தச் சரிவு அப்படி இல்லை. சான்றிதழே கூடாது என்று நான் சொல்லவில்லை. பள்ளி கேட்கிறது, பிள்ளைக்கு அது தேவைப்படுகிறது, கொடுங்கள். கட்டாயத்தின் பேரில் வந்த பிள்ளைக்கும் நூலகத்துக்குள் நுழைந்த பிறகு ஏதாவது ஒன்றைத் தானே தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கட்டும். நாலு வேலைகளைச் சொல்லி, எது வேண்டும் என்று கேட்பது பெரிய ஏற்பாடு இல்லையே.

பதிவு 5 | பழையதாள்

நூலகப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். எல்லோரும் என்ன கொடுக்கலாம் என்று எழுதுகிறீர்கள். நான் எதைக் கொடுக்கக் கூடாது என்பதில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் பிழை நடந்தால் திருத்த முடியாது.

இரவல் மேசையைக் கொடுக்காதீர்கள். யார் எந்த நூலை எடுத்தார் என்பது வாசகருக்கும் நூலகத்துக்கும் இடையில் மட்டும் இருக்க வேண்டிய செய்தி. ஒருவர் நோயைப் பற்றிய நூல் எடுப்பார், இன்னொருவர் மணமுறிவுச் சட்டம் பற்றி எடுப்பார். மேசையில் உட்கார்ந்திருக்கும் 15 வயதுப் பிள்ளை அவர் அண்டை வீட்டுக்காரராக இருக்கலாம். பிள்ளை நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். அந்தச் சுமையை அதன் தலையில் ஏற்றுவதே தவறு. முன்பதிவு செய்த நூல்களை எடுத்து வைக்கும் தட்டிலும் வாசகர் பெயரை எழுதாமல் உறுப்பினர் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் எழுதிச் செருகுங்கள். அப்போது அந்தத் தட்டைப் பிள்ளைகள் அடுக்கலாம்.

இரண்டாவது, மூடிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கும்படி எந்த வேலையும் வேண்டாம். நூலக ஊழியருக்கும் இது பொருந்தும். கிடங்கு வேலை என்றால் மூன்று பேராகப் போகட்டும், கதவு திறந்திருக்கட்டும். பெற்றோரின் எழுத்துப்பூர்வ இசைவும், அவசரத்துக்கு அழைக்க ஓர் எண்ணும் இல்லாமல் யாரையும் சேர்க்க வேண்டாம். உயரமான ஏணி, கனமான பெட்டி இரண்டும் பிள்ளைகளுக்கு இல்லை.

மூன்றாவதுதான் என் மனத்தை அறுப்பது. ஊழியர் இடம் காலியாக இருக்கும் நூலகங்களில் பிள்ளைகளை வைத்து ஒப்பேற்றும் வழக்கம் வளர்ந்துவிட்டது. யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கை 1949-இல் முதலில் வந்தது, 1994-இலும் 2022-இலும் புதுப்பிக்கப்பட்டது. நூலகப் பணியாளரின் தொழிற்கல்வியும் தொடர் பயிற்சியும் தவிர்க்க முடியாதவை என்று அது சொல்கிறது. ஒரு பிள்ளை விடுமுறையில் வந்து செய்துவிட்டுப் போகக்கூடிய தொழில் இது என்று மேலிடம் நினைத்துவிட்டால், அந்தக் காலியிடம் நிரம்பவே நிரம்பாது. ஆகவே ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். நாளை ஒரு பிள்ளைகூட வராவிட்டாலும் நூலகம் குறைவின்றி இயங்க வேண்டும்.

பதிவு 6 | கடலோரம்

பழையதாள் ஐயா, இரவல் மேசை பற்றி நீங்கள் எழுதியது முழுவதும் சரி. கடைசி வரிதான் எனக்கு நெருடுகிறது. நாங்கள் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான் என்றால், 14 வயதுப் பிள்ளை அதை இரண்டே நாளில் மோப்பம் பிடித்துவிடும். சென்ற விடுமுறையில் 12 பேர் போனது அதனால்தான் என்று நான் நினைக்கிறேன். தேர்வுக் காலத்தில் நான் மூன்று வாரம் போகவில்லை. திரும்பிப் போனபோது 523-உம் 525-உம் கலந்து கிடந்தன. மனம் வலித்தது, ஆனால் அந்த வலி எனக்கு வேண்டியதாகவும் இருந்தது. நான் இல்லாதது அந்தத் தட்டில் தெரிந்தது.

பதிவு 7 | பழையதாள்

நீங்கள் சொல்வதை இரண்டு முறை படித்தேன். என் வரியைத் திருத்திக்கொள்கிறேன். கதவு திறப்பது, நூல் இரவல் கொடுப்பது, வாங்குவது, கேட்டவருக்கு வழிகாட்டுவது, இவை பிள்ளைகளை நம்பி இருக்கக் கூடாது. இவற்றுக்கு மேலே, பிள்ளைகள் இருந்தால் மட்டுமே நூலகத்தில் நடக்கிற ஏதோ ஒன்று இருக்கட்டும். அவர்கள் வராத நாளில் அது நடக்காமல் போகட்டும், வாசகர்களும் அதைக் கேட்கட்டும்.

வரிசை பார்ப்பதை இதில் சேர்க்கலாமா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. ஊழியரும் செய்ய வேண்டிய வேலை அது. இருந்தாலும் நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் நான்காவது வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. இடம் மாறி வைத்த நூல் தொலைந்த நூலுக்குச் சமம். அதைத் தேடிக் கண்டெடுக்கும் கண் பிள்ளைகளிடம் இருக்கிறது என்பதை என் பணிக்காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பதிவு 8 | மூன்றாம்படி

எனக்கு 16 வயது. இந்த இழையில் என் வயதில் இருப்பவர் யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஒரு நூலகத்தில் ஆறு வாரம் தொண்டு செய்தேன். சுவரொட்டிக்கு எழுத்து வெட்டினேன், நாற்காலி அடுக்கினேன். அந்த நூலகத்தில் "இளையோர் பகுதி" என்று ஒரு தட்டு இருந்தது. அதில் இருந்தவை பாதிக்கு மேல் தேர்வு வழிகாட்டிகள், மீதி எட்டு வயதுப் பிள்ளைகளுக்கான படக்கதைகள். நாங்கள் ஐந்து பேர் தினமும் அந்தத் தட்டைக் கடந்து போனோம். ஆறு வாரத்தில் ஒருவர்கூட எங்களிடம் "உங்கள் வயதுக்காரர்கள் என்ன படிப்பார்கள்?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்போம்.

புதிய நூல் வாங்கப் பணம் இல்லை என்றால் பரவாயில்லை. நூலகத்தில் ஏற்கெனவே இருப்பதில் இருந்து 30 நூல்களை நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிறு அட்டையில், ஏன் பிடித்தது என்று இரண்டு வரி எழுதி வைக்கிறோம். மாதம் ஒரு முறை மாற்றுகிறோம். பழையதாள் ஐயா கேட்ட "பிள்ளைகள் இருந்தால் மட்டுமே நடக்கிற ஒன்று" இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பதிவு 9 | பழையதாள்

தம்பி, மிகச் சரி. அதே ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. நீங்கள் எழுதும் இரண்டு வரி அட்டை அந்த விதியைத்தான் நிறைவேற்றுகிறது. ஒரே ஒரு வேண்டுகோள்: கதைச் சுருக்கத்தை எழுதாதீர்கள். அது பின் அட்டையிலேயே இருக்கும். எந்தப் பக்கத்தில் உங்களால் நூலைக் கீழே வைக்க முடியாமல் போனது என்பதை எழுதுங்கள்.

பதிவு 10 | பசைத்தூரிகை

நூல் செப்பனிடும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று யாரும் எழுதவில்லை. நான் வாரம் ஒரு நாள் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறேன். அரிய நூல், பழைய பதிப்பு எதையும் தொட விடமாட்டேன். அன்றாடம் கைமாறும் கதை நூல்கள், சிறுவர் நூல்கள் மட்டும்.

முதல் பாடம், செலோடேப்பைத் தூக்கி அப்பால் வைப்பது. கிழிந்த தாளில் ஒட்டினால் அன்றைக்கு அழகாக இருக்கும். சில ஆண்டுகளில் மஞ்சளாகி, பசை கசிந்து பக்கத்துத் தாளையும் பிடித்துக்கொள்ளும், பிறகு நாடா தனியாக உதிர்ந்து கறை மட்டும் மிஞ்சும். அப்படிக் கெட்டுப்போன ஒரு நூலைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவேன். நான் சொல்வதைவிட அந்தக் கறை நன்றாகச் சொல்லும்.

இரண்டாவது, அட்டையும் உள்தாளும் சேரும் மடிப்பு தளர்ந்துபோன கெட்டி அட்டை நூல். இதற்கு ஒரு பின்னல் ஊசி போதும். ஊசியில் வெள்ளைப் பசையை மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். நூலைச் செங்குத்தாக நிறுத்தி, தளர்ந்த இடுக்கில் ஊசியை இறக்கி, சுழற்றிக்கொண்டே வெளியே எடுத்தால் பசை உள்ளே இருபுறமும் படியும். நூலைத் தலைகீழாக நிறுத்தி மறுமுனையிலும் அப்படியே. அட்டைக்கும் முதல் தாளுக்கும் நடுவில் மெழுகுத்தாள் வைத்து மூடி, மடிப்புப் பள்ளத்தை மழுங்கிய கோலால் அழுத்தி, மேலே கனம் ஏற்றி ஓர் இரவு விட்டுவிட வேண்டும். மெழுகுத்தாளை மறந்தால் நூல் திறக்காது.

13 வயதுச் சிறுவன் ஒருவன், வகுப்பில் ஓர் இடத்தில் உட்காராதவன் என்று அவன் வீட்டாரே சொன்னார்கள். ஊசியைச் சுழற்றும்போது அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். மறுநாள் நூலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றான். கனத்தை எடுத்து, அட்டையை மெல்லத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. அடுத்த நூல் எங்கே என்று கேட்டான்.

இன்னொன்றையும் சொல்லிக் கொடுங்கள். தட்டில் இருந்து நூலை உருவும்போது முதுகின் மேல் விளிம்பில் விரலை மாட்டி இழுக்கிறோமே, நூல்களின் தலைப்பகுதி கிழிவது அதனால்தான். இருபுறமும் உள்ள நூல்களைச் சற்று உள்ளே தள்ளிவிட்டு, வேண்டிய நூலை நடு முதுகில் பிடித்து எடுக்க வேண்டும். தட்டை நெருக்கி நிரப்பினால் இப்படி எடுக்க முடியாது. அதனால் இடம் விட்டு அடுக்கப் பழக்குங்கள்.

பதிவு 11 | செம்பருத்தி

பசைத்தூரிகை எழுதியதை என் மகனுக்குப் படித்துக் காட்டினேன். "நமக்கு இப்படி யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே அம்மா" என்றான். சான்றிதழ் பற்றி நான் கேட்டதில் மாற்றமில்லை. ஆனால் அவன் வாங்கி வந்த தாளில் "30 மணி நேரம் பணியாற்றினார்" என்று மட்டும் இருக்கிறது. என்ன செய்தான் என்பது அதில் இல்லை. வேலைக்கோ மேற்படிப்புக்கோ அதை நீட்டினால் யார் என்ன கேட்பார்கள், இவன் என்ன சொல்வான்?

பதிவு 12 | வரிவடிவம்

அம்மா, மிக நல்ல இடத்தைத் தொட்டீர்கள். நூலகர் அவர்களே, சான்றிதழில் மணி நேரத்தோடு செய்த வேலையையும் எழுதுங்கள். "வானியல் பகுதியின் ஐந்து தட்டுகளைப் பராமரித்தார், காணாமல்போன நூல்களைக் கண்டெடுத்தார்" என்று எழுதினால் எந்த நேர்காணலிலும் அந்தப் பிள்ளைக்குப் பேச ஒன்று இருக்கும். கையெழுத்திடும் நாளில் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டுக் கொடுங்கள்.

பதிவு 13 | இருவர்வாசிப்பு

சிறு பிள்ளைகளோடு பதின்பருவத்தினரை உட்கார வைத்து வாசிக்கச் செய்வதைப் பற்றி எழுதுகிறேன். பல நூலகங்களில் இதைத் தொடங்கி, பெரிய பிள்ளை ஆசிரியராக மாறி அதட்டத் தொடங்கியதும் சிறு பிள்ளை வராமல் நின்றுவிடும். கல்வி ஆய்வாளர் கீத் டாப்பிங் பரவலாக்கிய இணை வாசிப்பு முறையில் அதற்கு வழி இருக்கிறது. நூலைத் தேர்ந்தெடுப்பது சிறு பிள்ளை. இருவரும் சேர்ந்து, ஒரே வேகத்தில், வாய்விட்டு வாசிக்கிறார்கள். தனியாக வாசிக்கத் துணிவு வந்ததும் சிறு பிள்ளை மேசையில் ஒரு தட்டு தட்டும். உடனே பெரிய பிள்ளை வாசிப்பதை நிறுத்திவிட வேண்டும். சிறு பிள்ளை ஒரு சொல்லில் தடுக்கினால் நாலைந்து நொடி பொறுக்க வேண்டும். தானே திருத்திக்கொண்டால் சரி, இல்லாவிட்டால் சொல்லைச் சரியாகச் சொல்லிக் கொடுத்து, மறுபடி சேர்ந்து வாசிக்கத் தொடங்க வேண்டும். அவ்வளவுதான். கண்டிப்பு, கேலி, விளக்கவுரை எதற்கும் இதில் இடமில்லை.

அந்த நாலைந்து நொடிதான் கடினம். சொல் தெரிந்தவருக்கு அது நீண்ட நேரம். நான் பழக்கிய பெண் ஒருத்தி உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, மேசைக்கு அடியில் விரலால் எண்ணுவாள். "ஞாயிறு" என்ற சொல்லில் ஏழு வயதுப் பையன் நின்றான். ஒன்று, இரண்டு, மூன்று. "ஞா" என்றான். நான்கு. "ஞாயிறு!" என்று கத்திவிட்டான். வாசிப்புக்கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் அவனுடையதைவிட மலர்ந்திருந்தது.

திறந்த கூடத்தில், எல்லோர் கண்ணுக்கும் தெரியும் மேசையில் நடத்துங்கள். பழையதாள் ஐயா சொன்ன விதியை இங்கே தளர்த்தவே கூடாது.

பதிவு 14 | கிளைநூலகர்

நெஞ்சார்ந்த நன்றி. ஒவ்வொரு பதிவையும் தாளில் குறித்து வைத்திருக்கிறேன். பழையதாள் ஐயா, எங்களிடம் ஓர் ஊழியர் இடம் காலியாகத்தான் இருக்கிறது. உங்கள் பதிவைப் படித்த பிறகு மேலிடத்துக்கு மறுபடியும் எழுதினேன். அந்தக் கடிதத்தில் பிள்ளைகளின் தொண்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

ஒரு சந்தேகம். முதியவர்கள் பலர் கைப்பேசியில் படிவம் நிரப்ப உதவி கேட்டு வருகிறார்கள். பிள்ளைகளை அதற்கு வைக்கலாமா?

பதிவு 15 | கடலோரம்

வைக்கலாம், ஆனால் இரண்டு விதிகளோடு. எங்கள் நூலகர் அம்மா எங்களைக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்வார். கைப்பேசி முதியவர் கையிலேயே இருக்கும், நாங்கள் வாயால் மட்டும் சொல்ல வேண்டும். வாங்கி நாமே செய்தால் இரண்டு நிமிடத்தில் முடியும், அவர் அடுத்த வாரமும் அதே இடத்தில் நிற்பார். அடுத்தது, கடவுச்சொல்லும் ஒருமுறைக் குறியெண்ணும் (ஓடிபி) வரும் இடத்தில் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். வங்கிக் கணக்கு சம்பந்தப்பட்டதை ஊழியரிடம் அனுப்பிவிட வேண்டும்.

பதிவு 16 | மூன்றாம்படி

நேரில் வர முடியாத பிள்ளைகளுக்கு விக்கிமூலம் என்ற இணைய நூலகம் இருக்கிறது. பழைய தமிழ் நூல்களின் பக்கப் படத்தைப் பார்த்துத் தட்டச்சுப் பிழை திருத்துவது. ஒருவர் திருத்தினால் பக்கம் மஞ்சளாகும், இன்னொருவர் சரிபார்த்தால்தான் பச்சையாகும். நானும் நண்பனும் மாறி மாறிச் செய்கிறோம். அவன் ரகர றகரத்தில் விட்டதை நான் பிடிக்கிறேன், நான் ஒற்றெழுத்தில் விட்டதை அவன் பிடிக்கிறான்.

பதிவு 17 | கிளைநூலகர்

விடுமுறை முடிந்துவிட்டது. என்ன நடந்தது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இந்த முறை 6 பேரை மட்டும் சேர்த்தேன். அதற்கு மேல் என்னால் கவனிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. வாரம் இரண்டு நாள், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். முதல் நாள் விதி படிக்கவில்லை. நூலகம் முழுவதையும் சுற்றிக் காட்டிவிட்டு, எது வேண்டும் என்று கேட்டேன். மூவர் ஆளுக்கோர் அலமாரி எடுத்துக்கொண்டார்கள். இருவர் இணை வாசிப்பு. ஒருவன் இளையோர் தட்டு. செப்பனிடும் வேலையை எனக்கே தெரியாததால் தொடங்கவில்லை. பின்னல் ஊசி வாங்கி வைத்திருக்கிறேன், பழகிக்கொண்டிருக்கிறேன்.

சென்ற ஆண்டு வந்த அந்தச் சிறுமியின் வீட்டுக்கு நானே தொலைபேசியில் பேசினேன். அவள் வந்தாள். தமிழ் இலக்கியம், 894.811, வேண்டும் என்றாள். எங்கள் நூலகத்தில் மிகவும் கலைந்து கிடக்கும் பகுதி அதுதான், ஆசிரியர் பெயர்களின் முதலெழுத்தால் வரும் குழப்பம். சில நூல்கள் தந்தை பெயரின் முதலெழுத்தில் அடுக்கப்பட்டிருந்தன, சில சொந்தப் பெயரில். ஜ, ஸ, ஹ என்று தொடங்கும் பெயர்கள் ஓரிடத்தில் சகரத்தோடும் வேறிடத்தில் னகரத்துக்குப் பின்னும் கிடந்தன. அவள் மூன்று நாள் எதையும் நகர்த்தவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். நான்காம் நாள் என் மேசைக்கு வந்து, "எந்த முறை என்று நீங்கள் ஒன்றைச் சொல்லுங்கள், அப்படியே மாற்றுகிறேன்" என்றாள். சொந்தப் பெயர் முதலில், வடவெழுத்துகள் கடைசியில் என்று முடிவு செய்தோம். இரவல் மேசையில் அன்றும் ஆட்கள் நின்றார்கள். இரண்டு நிமிடம் பொறுக்கச் சொன்னேன், பொறுத்தார்கள்.

அலமாரி மூன்றிலும் சேர்த்து, காணவில்லை என்று குறித்திருந்த 11 நூல்கள் கிடைத்தன. பதிவேட்டில் அவர்களே அடித்தார்கள்.

இணை வாசிப்பில் ஒரு இணை சரிவரவில்லை. சிறு பிள்ளைக்குப் பெரிய பிள்ளையைப் பிடிக்கவில்லை, இருவரையும் பிரித்து வேறு ஆளோடு சேர்த்தேன். அப்படியும் ஒருவன் நின்றுவிட்டான். அவனிடம் இன்னும் கொஞ்சம் முன்பே பேசியிருக்க வேண்டும்.

மற்ற ஐவரும் கடைசி வரை வந்தார்கள். நேற்று அந்தச் சிறுமி தொலைபேசியில் அழைத்து, பள்ளி திறந்துவிட்டது, சனிக்கிழமை மட்டும் வரலாமா, பாரதியார் தட்டை யாராவது கலைத்துவிட்டார்களா என்று கேட்டாள். சனிக்கிழமை எனக்கு ஊழியர் பற்றாக்குறை. என்ன செய்வது?

பதிவு 18 | பழையதாள்

வரச் சொல்லுங்கள். கூடத்தில் இன்னொரு பெரியவர் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கொடுங்கள், பெற்றோரிடம் புதிதாக இசைவு வாங்கிக்கொள்ளுங்கள். தட்டை அதுவரை நீங்கள் சரி செய்ய வேண்டாம்.